மரத்தில் பதியும் புகைப்படம்: ஒட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புனே அருகே போசரி எம்ஐடிசி போன்ற தொழிற்பேட்டைகளில் சரக்கு ஏற்றி வந்த மரப் பேலட்டுகள், வேலை முடிந்ததும் ‘பங்கார்’ எனப்படும் பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தப் பலகையை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கல்யாணப் படத்தையோ குழந்தையின் படத்தையோ பதித்தால் அருமையான பரிசு. ஆர்டர் எடுத்தால் வீட்டுக்கு வருமானம். ஆனால் பலகை, திரவம், படம் என்ற மூன்றையும் விசாரித்துக்கொண்டு இறங்குவதே நல்லது.

முதலில் பலகை. ஏற்றுமதி பேலட்டில் கோதுமைக் கதிர் சின்னத்துடன் ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால், மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டது என்று பொருள். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டப்பட்டது, அதைத் தவிர்த்துவிடலாம். எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ உள்ள பலகை எந்த முத்திரை இருந்தாலும் வேண்டாம். மரத்தூளைப் புற்றுநோய் ஏற்படுத்தும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எனவே தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

அடுத்து திரவம். சிலர் அவசரத்துக்கு அச்சுத்தாளைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் தின்னரோ அசிட்டோனோ தடவித் தேய்க்கிறார்கள். இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து பக்கத்து அறையின் கேஸ் அடுப்பையோ பூஜை விளக்கையோ எட்டினால் குப்பென்று தீப்பிடிக்கும். பல தின்னர்களில் உள்ள டொலுவீன் தலைசுற்றலைத் தரும், கருவிலிருக்கும் குழந்தையையும் பாதிக்கக்கூடும்.

இவற்றுக்குப் பதில், நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மீடியம் போதும். இடவலம் மாற்றி லேசர் பிரிண்ட் எடுத்து, ஜெல் தடவிய பலகையில் கவிழ்த்து ஒட்டி, ஓர் இரவு உலரவிட வேண்டும். பிறகு ஈரத்துணி வைத்து விரலால் மெல்லத் தேய்த்தால் தாள் திரிதிரியாக உரிந்து, டோனர் மட்டும் மரத்தில் நிற்கும். ஸ்டூடியோவில் கழுவிய படம் இப்படிப் பதியாது, பாழாகத்தான் செய்யும். தாத்தாவின் ஒரே படம் என்றால் ஸ்கேன் செய்து, நகலில்தான் கைவைக்க வேண்டும்.

வீட்டில் தின்னர் இருந்து, அதைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஆம்புலன்ஸுக்கு 108.

மூன்றாவது, படம் யாருடையது? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். வேறு ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டுமே மாறும். ஆகவே தங்கள் கல்யாணப் படத்தைப் பலகையில் பதிக்கக் குடும்பத்தார் ஸ்டூடியோவின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இணையத்தில் எடுத்த பிறர் படத்தைப் பதித்து விற்பது வேறு கதை. தெரிந்தே உரிமையை மீறினால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

நடிகர் படத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அனுமதியின்றித் தன் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தடை விதித்தது. சாதாரண மக்களுக்கும் பாதுகாப்பு உண்டு. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பான 1994 தீர்ப்பில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடிக்கையாளரின் குழந்தை படத்தை ‘மாடல்’ என்று தன் பக்கத்தில் போடும் விற்பனையாளர் முதலில் பெற்றோரைக் கேட்க வேண்டும்.

வாங்குபவர் ஏமாந்தால்? ஒரு மாதத்தில் படம் உரிந்த பலகைக்கு, “ஆர்டரின் பேரில் செய்தது, திரும்ப வாங்க மாட்டோம்” என்ற பதில் வரலாம். குறைபாடுள்ள பொருளுக்கு அந்தப் பதில் செல்லாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்குபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் சென்னையில் இருந்தாலும் போசரிக்காரர் புனே மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ரசீது, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், உரிந்த பலகையின் படம் ஆகியவை கையில் இருக்கட்டும்.