பழைய இலக்குச் சுழல் துப்பாக்கிகளின் மறுவிற்பனை

பழைய இலக்குச் சுழல் துப்பாக்கிகளின் மறுவிற்பனை என்பது, இலக்கு சுடும் போட்டிகளுக்கென உருவாக்கப்பட்டு, இப்போது பழைய வடிவில் தயாரிக்கப்படாத ரிவால்வர்களை அவற்றின் உரிமையாளர்கள் பிற ஆர்வலர்களுக்கு விற்பதைக் குறிக்கும். இவ்வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக உள்ளது. வாங்குபவர்களுள் சிலர் சேகரிப்பாளர்கள். சிலர் இன்றும் அத்துப்பாக்கியால் சுட விரும்புபவர்கள். இத்தகைய விற்பனை அறிவிப்புகளில் அடிக்கடி காணப்படும் சொற்றொடர் "சிறிதளவே பயன்படுத்தப்பட்டது" என்பதாகும். விலையைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் இதற்குச் சான்று விற்பவரின் சொல் அன்று, துப்பாக்கியின் உலோகமே ஆகும்.

எடுத்துக்காட்டு: கே-38 மாஸ்டர்பீஸ்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இயங்கிய ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1947 இல் கே-38 மாஸ்டர்பீஸ் என்னும் இலக்குச் சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. ஆறு தோட்டாக்கள் கொள்ளும் உருளையும் 6 அங்குலக் குழலும் உடைய இது .38 ஸ்பெஷல் தோட்டாவைப் பயன்படுத்துவது. இதே வரிசையில் .22, .32 அளவுகளிலும் துப்பாக்கிகள் வந்தன. குழலின் மேலுள்ள விலாப்பட்டையின் அகலத்தை மாற்றி, மூன்றின் எடையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்குமாறு செய்யப்பட்டது. போட்டியாளர் ஒரு துப்பாக்கியை வைத்துவிட்டு மற்றொன்றை எடுக்கும்போது கைக்கு வேறுபாடு தெரியக்கூடாது என்பதே இதன் நோக்கம். 1957 இல் இந்நிறுவனம் தன் துப்பாக்கிகளுக்கு மாதிரி எண்களை வழங்கியபோது கே-38 "மாடல் 14" ஆயிற்று. 1980களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றது. 1990களில் மீண்டும் வந்த மாடல் 14 வேறு வகையான குழலைக் கொண்டிருந்ததால், சேகரிப்பாளர்கள் அதனைத் தனியாகவே கருதுகின்றனர்.

தேய்மானம்

அமெரிக்காவின் மரபான இலக்குப் போட்டிகளில் 50 கெச தூரத்தில் 10 நிமிடங்களுக்குள் 10 குண்டுகளும், 25 கெச தூரத்தில் 20 நொடிகளுக்குள் 5 குண்டுகளும், பின்னர் 10 நொடிகளுக்குள் 5 குண்டுகளும் சுடப்படும். இதற்கெனத் தட்டையான முனையுடைய, குறைந்த வேகத்தில் செல்லும் ஈயக் குண்டு பயன்பட்டது. அது காகிதத்தில் கிழிசலின்றி வட்டமான துளையிடுவதால் மதிப்பெண் கணிப்பது எளிது. அழுத்தம் குறைவாகையால் குழலும் அதிகம் தேய்வதில்லை. பல்லாயிரம் குண்டுகள் சுட்ட துப்பாக்கியின் குழல்கூடப் பளிச்சென்று இருக்கக்கூடும்.

எனவே குழலை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. போட்டியாளர் ஒவ்வொரு குண்டுக்கும் முன்பு கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுப்பார். தோட்டா இன்றி வீட்டில் பயிற்சி செய்வோர் இதனை இன்னும் பல மடங்கு செய்வர். தேய்வது உருளையைச் சுழற்றும் உறுப்புகளும் அதை நிறுத்திப் பூட்டும் உறுப்புகளுமே. இதைச் சோதிக்க, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருவரும் கண்ணால் உறுதி செய்த பின், சுத்தியலை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சுத்தியல் முழுமையாக நிற்பதற்கு முன்போ நிற்கும் அதே கணத்திலோ உருளை பூட்டிக்கொண்டால் நன்று. சுத்தியல் நின்ற பின்னும் உருளை பூட்டாமல், விரலால் தள்ளினால்தான் பூட்டுமெனில், அத்துப்பாக்கி சிறிதளவே பயன்படுத்தப்பட்டது என்பதை நம்புவது கடினம். ஆறு அறைகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்; ஒன்று மட்டும் பிந்துவது உண்டு. உருளை முன்னும் பின்னும் ஆடுகிறதா என்பதும் பார்க்கப்படும்.

திரைப்படங்களில் நாயகர்கள் மணிக்கட்டை வெடுக்கென உதறி உருளையை மூடுவதைக் காணலாம். உருளையைத் தாங்கும் கரம் இதனால் வளையும். விற்பனையின்போது வாங்க வந்தவர் இவ்வாறு செய்தால், பேரம் அங்கேயே முறிவதும் உண்டு.

உருளையின் வெளிப்புறத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று காணப்படும். உருளையை நிறுத்தும் சிறு உறுப்பு உரசுவதால் இது உண்டாகிறது. புதிதாக வாங்குவோர் இதைக் குறையாகக் கருதி விலையைக் குறைக்கக் கேட்பர். உண்மையில், சுடாமல் சில முறை சுழற்றினாலே இக்கோடு தோன்றிவிடும். அரை நூற்றாண்டுப் பழமையான துப்பாக்கியில் கோடே இல்லையெனில்தான் ஐயப்பட வேண்டும்: அது தொடப்படாமலே இருந்திருக்கலாம், அல்லது மீண்டும் மெருகேற்றப்பட்டிருக்கலாம்.

அசல் மெருகும் மறுமெருகும்

எஃகின் மேற்பரப்பை வேதிமுறையில் கருநீலமாக்குவது நீலமேற்றல் எனப்படும். தேய்ந்த நீலத்தை அகற்றிப் புதிதாக ஏற்றினால் துப்பாக்கி அழகாகத் தோன்றும். சேகரிப்பாளரிடம் அதன் மதிப்போ குறையும். மறுமெருகுக்கு முன் உலோகம் தேய்த்து வழவழப்பாக்கப்படுவதால், பொறித்த எழுத்துகளின் ஓரங்கள் மங்கும். திருகுத் துளைகளின் விளிம்புகள் குழியும். தொழிற்சாலை இத்துப்பாக்கிகளின் சுத்தியலையும் விசையையும் நீலமாக்காமல், கடினப்படுத்தியதால் உண்டான பல நிறச் சாயலுடன் விட்டது. அவையும் நீலமாக இருந்தால் வேலை வெளியில் நடந்தது என்று கொள்ளலாம். தொழிற்சாலையிலேயே செய்யப்பட்ட மறுவேலைக்கு அடையாளமாக, கைப்பிடியின் அடியில் வரிசை எண்ணுக்கு அருகே சிறு நட்சத்திரம் பொறிக்கப்பட்டதுண்டு. மறுமெருகை மறைத்து விற்பது ஆர்வலர்களிடையே பெரும் நம்பிக்கைத் துரோகமாகக் கருதப்படுகிறது. குறையைக் கூறி, குறைந்த விலைக்கு விற்பதில் தவறில்லை.

அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த தர நிலைகளை விற்பவர்கள் பயன்படுத்துகின்றனர். அவற்றில் "மிகச் சிறந்தது" என்பது, சிறிதளவே பயன்பட்டு, மரத்திலும் உலோகத்திலும் குறிப்பிடத்தக்க சேதமின்றி, குழல் முனையிலும் கூர்மையான விளிம்புகளிலும் மட்டும் நீலம் சற்றுக் குறைந்த நிலையைக் குறிக்கும். அறிவிப்புகளில் இச்சொல் தாராளமாகவே வழங்கப்படுகிறது.

சட்டம்

1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தவருக்கு நேரடியாகக் கைத்துப்பாக்கி விற்க இயலாது. அது வாங்குபவரின் மாநிலத்திலுள்ள உரிமம் பெற்ற வணிகரிடம் அனுப்பப்பட வேண்டும். அவர் வாங்குபவரின் பின்னணியைச் சோதித்த பின்னரே ஒப்படைப்பார். ஒரே மாநிலத்தில் வாழும் இருவருக்கிடையேயான விற்பனையில் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவில் 1991 முதல் இதுவும் வணிகர் வழியாகவே நடைபெற வேண்டும். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவர் என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ ஒருவருக்கு விற்பது எங்கும் குற்றமாகும்.

50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவில் உள்ள துப்பாக்கிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. சேகரிப்பாளர் உரிமம் பெற்றவர்கள், மாநிலச் சட்டம் தடுக்காதவிடத்து, அவற்றை வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாகப் பெறலாம். பெறுவதையும் கொடுப்பதையும் பதிவேட்டில் எழுதி வைப்பது அவர்களது கடமை. இவ்வாறு 1950களில் வெளிவந்த கே-38 ஒன்று, வணிகரின் கடையைத் தொடாமலே ஒரு சேகரிப்பாளரைச் சென்றடைய வழியுள்ளது.

காலத்தை அறிதல்

துப்பாக்கியின் ஆண்டை வரிசை எண்ணும் சில அடையாளங்களும் காட்டும். பழைய கே-38 துப்பாக்கிகளில் உடற்பகுதியைச் சுற்றி ஐந்து திருகுகள் இருந்தன. 1955 அளவில் ஒன்றும் 1961 அளவில் மற்றொன்றும் கைவிடப்பட்டன. ஆகையால் ஆர்வலர்கள் "ஐந்து திருகு", "நான்கு திருகு" எனப் பேசுவர். 1957க்குப் பிந்தையவற்றில் உருளையை வெளியே திறந்தால் மாதிரி எண் தெரியும். வால்நட் மரக் கைப்பிடியில் திருகைச் சுற்றி வைர வடிவம் விடப்பட்டிருந்தால், அக்கைப்பிடி பெரும்பாலும் 1968க்கு முந்தையது. வலப்புறக் கைப்பிடியின் உட்புறத்தில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது உடற்பகுதியின் எண்ணுடன் ஒத்துப்போனால் கைப்பிடி மாற்றப்படவில்லை என அறியலாம்.

துப்பாக்கியுடன் வந்த அட்டைப் பெட்டிக்கும் தனி மதிப்பு உண்டு. பழைய பெட்டிகளின் அடியில் வரிசை எண் மெழுகுப் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். வேறொரு துப்பாக்கியின் பெட்டியில் வைத்து விற்கப்படுவனவும் உள்ளமையால், அனுபவமுள்ளவர்கள் மூடியைத் திறப்பதற்கு முன் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கின்றனர்.