தாயகம் திரும்பினரா? தள்ளப்பட்டனரா?

மறைமலை நகர் ஆலையில் வேலை முடித்து, மின்சார வண்டியேறித் தாம்பரத்தில் இறங்குகிற தோழரை 'வீடு திரும்பினார்' என்கிறோம். காலையில் புறப்பட்டது அங்கிருந்துதான். ஆகவே அது திரும்புதல். பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்து, பார்த்தறியாத மண்ணிலே இறக்கிவிட்டால் அதற்கு என்ன பெயர்? 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதி வைத்தது சர்க்கார் ஏடு!

யார் அவர்கள்? இலங்கை மலையகத்திலே காடு திருத்தி, காப்பியும் தேயிலையும் வளர்த்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1948-இல் விடுதலை பெற்ற இலங்கை, அதே ஆண்டிலே குடியுரிமைச் சட்டம் செய்து அவர்களை நாடற்றவராக்கிற்று. உழைப்பு வேண்டுமாம், உழைத்தவன் வேண்டாமாம்!

1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றனர். 1974-இல் பார்த்தனர், ஆளுக்குப் பாதி! பாகப்பிரிவினையில் பானை சட்டியைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டனர். கொழுந்து பறித்த தாயை ஒரு வார்த்தை கேட்டனரா?

"விரும்பித்தானே மனுப்போட்டு வந்தார்கள்?" என்பார் உண்டு. இந்தியாவுக்கென ஒதுக்கிய எண்ணிக்கை அளவுக்கு மனுவே வரவில்லையே, ஐயா! போட்டவரும் எந்த நிலையில் போட்டனர்? குடியுரிமை இல்லை, வாக்கில்லை, 1977-லும் 1983-லும் கலவரத்தீ மூண்டபோது உயிருக்கும் உறுதியில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான் கட்டாயமா? வாழ வழியடைத்து வாசலைத் திறந்து வைப்பது கட்டாயமில்லையா?

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களை மண்டபம் முகாம் வரவேற்றது. நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் சிலருக்கு வேலை தந்தன. 1984-இல் கப்பல் நின்றது, படகு நிற்கவில்லை. அகதியாகப் படகில் வந்தோரில் மலையகத் தமிழரும் உண்டு. பாட்டன் பிறந்த நாட்டிலேயே பேரன் அகதி!

1992-இல் அகதிகளைத் திருப்பியனுப்பத் தொடங்கியபோது, விரும்பித்தான் போகிறார்களா என்று உசாவ ஐ.நா. அகதிகள் ஆணையம் வரவேண்டியிருந்தது. 2003-இல் இலங்கை, தன் மண்ணில் எஞ்சிய நாடற்ற மலையகத் தமிழர்க்குக் குடியுரிமை தரச் சட்டம் செய்தது. இங்கோ, 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தானைக் கண்டது, வங்கதேசத்தைக் கண்டது, ஆப்கானிஸ்தானைக் கண்டது. கூப்பிடு தூரத்து இலங்கையைக் காணவில்லை!

தோழர்களே! 'போ' என்பதும் 'வா' என்பதும் தலைநகரங்கள். மூட்டையைச் சுமப்பவன் தொழிலாளி. இருக்க விரும்புவோர்க்குக் குடியுரிமை தருக! போக விரும்புவோர்க்கு நிலமும் பாதுகாப்பும் உறுதி செய்து அனுப்புக! இரண்டுக்கும் முன்னால், அவர்களைக் கேட்டு முடிவு செய்க! 1964-இல் கேட்காத கேள்வியை இனியேனும் கேட்கட்டும்!