பால்பவுடர்: அளவும் கலவையும்

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பாலே குழந்தையின் முழு உணவு என்பதை முன்னிட்டு, 1992இல் இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம் பால்பவுடர், பால்புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடை செய்தது. பால்பவுடரைக் கரைத்துப் புகட்டும் முறையைத் தாய்க்குச் செய்து காட்டும் பொறுப்பையும் சுகாதாரப் பணியாளருக்கே உரியதாக்கியது. ஆயினும் தாயை இழந்த குழந்தைக்கும், தாய்ப்பால் கொடுக்க இயலாத நோய்நிலையில் உள்ள தாயின் குழந்தைக்கும் மருத்துவர் பால்பவுடரைப் பரிந்துரைக்க நேர்கிறது. அப்போது குடும்பத்தார் முதலில் கேட்பது அளவைத்தான்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 60 மில்லியில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, முதல் வார முடிவில் 150 மில்லியை எட்டுவது பொதுவான வழக்கம். இளங்குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 100 கலோரி உணவாற்றல் தேவைப்படுகிறது. கரைத்த பால் 100 மில்லியில் சுமார் 67 கலோரி இருப்பதால், அத்தேவை 150 மில்லியில் நிறைவடைகிறது. ஆகவே 4 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 600 மில்லி, எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 75 மில்லி. இது சராசரிக் கணக்கே. ஒரு வேளை குறைத்துக் குடித்து மறுவேளை கூட்டிக் குடிப்பது குழந்தையின் இயல்பு என்பதால், முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தைக்கு மிச்சத்தை வற்புறுத்திப் புகட்டுவது தவறு.

ஆனால் கலவையில் இந்த நெகிழ்வுக்கு இடமே இல்லை. பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி நீருக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி என்பதே விகிதம். கரண்டியும் அந்தந்த டப்பாவினுள் இருப்பதாகவே இருக்க வேண்டும். வேளைக்கு 75 மில்லி என்று கணக்கு வந்தாலும் இரண்டரைக் கரண்டி போடாமல், 90 மில்லி நீரை முதலில் அளந்து ஊற்றி, மூன்று கரண்டி கரைத்து, குடித்தது போக மீதியைக் கொட்டிவிடுவதே முறை. மேற்சொன்ன குழந்தை குடிக்கும் பாலுக்கு மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 80 கிராம் தூள் செலவாவதால் 400 கிராம் டப்பா ஐந்து நாளுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது; விலைக்கு அஞ்சித் தண்ணீரைக் கூட்டும் பழக்கம் பிறப்பது இங்கேதான். அப்படிச் செய்தால் வயிறு நிறையும், எடை ஏறாது; இரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து வலிப்பு வரைகூடப் போகலாம். தூளைக் கூட்டினாலோ மலச்சிக்கலும் நீரிழப்பும் நேரும்.

கொதித்த நீர் அரை மணி நேரத்துக்கு மேல் ஆறிவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் தூளைக் கரைத்து, பிறகு பதமாக ஆறவைத்துப் புகட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூளில் இருக்கக்கூடிய கிருமிகளை அந்தச் சூடே அழிக்கிறது. கரைத்து வெளியில் வைத்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவர நான்கைந்து மணி நேரம் பிடிக்குமாதலால், கைக்குழந்தையுடன் பௌர்ணமிக்கு வருவோர் வீட்டிலேயே கரைத்த பாலைக் கொண்டுவராமல், கொதிநீரைப் பிளாஸ்கிலும் அளந்த தூளை ஈரமில்லாத சிறு டப்பாவிலும் தனித்தனியே எடுத்துவந்து, நீரின் சூடு குறையுமுன் அவ்வப்போது கரைப்பதே நலம். புகட்டுவதற்குப் புட்டியை விட நம் வீடுகளின் பாலாடையே மேல். மூலை முடுக்கு இல்லாத அதை எளிதில் கழுவிக் கொதிக்க வைக்கலாம்.

கொடுக்கும் அளவு போதுமா என்பதை, முதல் வாரத்துக்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பதையும், முதல் சில மாதங்களில் அன்றாடம் 20 முதல் 30 கிராம் வரை எடை கூடுவதையும் வைத்து அறியலாம். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடை பார்க்கக் கட்டணம் இல்லை. குறைமாதக் குழந்தைக்கு மட்டும் எந்தக் கணக்கையும் மருத்துவரைக் கேளாமல் பின்பற்றக் கூடாது.