தள்ளி நிற்க மனம் ஏன் மறுக்கிறது?

2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்களுக்குச் சென்னை, கோவை, மதுரை மாநகரங்களில் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. மறுநாளே சென்னை கோயம்பேடு சந்தையில் ஜனம் முண்டியடித்தது. அங்கே வேலை பார்த்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை கொரோனா தொற்று போனது. மே 5 அன்று சந்தையை மூடினார்கள்.

ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று அப்போது பலரும் திட்டினார்கள். அது நியாயமில்லை. அந்தக் கூட்டத்தில் நின்றவர்களுக்கும் நோய் பற்றித் தெரியும். ஆனால் கிருமி கண்ணில் படாது. வீட்டில் காலியாகக் கிடக்கும் காய்கறிக் கூடை கண்ணெதிரே இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் பையோடு ஓடுவதைப் பார்த்தால் நமக்கும் இருப்புக்கொள்ளாது.

சூடான தோசைக்கல்லில் கை பட்டால் அந்த நொடியே சுடும். மறுமுறை கை தானாக விலகும். கொரோனா அப்படிப் பாடம் நடத்துவதில்லை. தொற்றியவருக்கு அறிகுறி தெரிய அப்போது சராசரியாக ஐந்தாறு நாள், சிலருக்குப் பதினான்கு நாள்கூட ஆனது. பலருக்குத் தெரிவதே இல்லை. அதனால் ஒருமுறை விதியை மீறி ஒன்றும் ஆகாவிட்டால், "பார்த்தியா, ஒண்ணும் ஆகல" என்று மனம் துணிந்துவிடுகிறது. ஒழுங்காக விலகி இருந்தவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. விலகியதால்தான் தப்பித்தோம் என்பதற்கு அவர் கையில் சாட்சி எதுவும் இல்லை. மாதக்கணக்கில் இப்படியே போனால் யாருக்கும் சலித்துவிடும்.

இன்னொரு சிக்கல், உறவு. முன்பின் தெரியாதவர் இருமினால் சட்டென்று ஒதுங்குகிறோம். சித்தப்பா இருமினால், "தண்ணி குடிங்க" என்று செம்போடு கிட்டே போகிறோம். தெரிந்த முகத்தைக் கண்டால் பயம் வருவதில்லை. நோய்க்கோ அந்த வேறுபாடு கிடையாது.

எல்லாவற்றிலும் கொடுமை, சாவு வீடு. இறுதிச் சடங்குக்கு இருபது பேர்தான் என்றது விதி. நம் ஊரில் துக்கம் கேட்பது வாயால் மட்டும் நடப்பதில்லை. வாசலில் நுழையும் பெண்ணைக் கண்டதும் வீட்டுப் பெண்கள் எழுந்து வந்து கட்டிக்கொண்டு ஓலமிட்டு அழுவார்கள். தோளோடு தோள் சாய்ந்தால்தான் பாரம் இறங்கும். தனக்குத் தொற்றிவிடுமோ என்பதைவிட, "அண்ணன் சாவுக்குக்கூட வரலையே" என்ற பேச்சு வந்துவிடுமோ என்ற பயம் அங்கே பெரிது. அந்தப் பேச்சு ஆயுசுக்கும் தொடரும். போகாமல் இருந்தவர்களில் பலர் அந்தக் குற்ற உணர்வை இன்றும் சுமக்கிறார்கள்.

வராதே என்று அரசு சொல்வதற்கும் துக்க வீட்டார் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. "நீங்க வரலைன்னு நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம் அத்தை, போன்ல பேசுங்க. நிலைமை சரியானதும் நேர்ல வந்து உட்காருங்க" என்று அந்த வீட்டுப் பிள்ளையே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அத்தை மனசு உறுத்தாமல் வீட்டிலேயே இருப்பார்.