பீடி தொடாதவருக்கும் வருமா? நுரையீரல் புற்றுநோய் பற்றி மூன்று கேள்விகள்





மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்கள் ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் ஒரு பையில் திணித்து எடுத்து வருவார்கள். அதில் நுரையீரல் புற்றுநோய் என்று எழுதியிருந்தால், வந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான். "எங்க அம்மா பீடி சிகரெட் பக்கமே போனதில்லை, எப்படி வந்துச்சு?" "சதை எடுத்துப் பார்த்தாச்சு, திரும்பவும் ஏதோ டெஸ்ட் எழுதியிருக்காங்களே, அது எதுக்கு?" மூன்றாவது கேள்வியை நோயாளிக்குக் கேட்காதபடி தனியே வந்து கேட்பார்கள்: "இன்னும் எவ்வளவு நாள்?"

காஞ்சிபுரத்தில் புற்றுநோய் என்ற சொல்லை அறியாத வீடு இல்லை. நம் ஊரில் பிறந்து முதலமைச்சரான அண்ணா, உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3ஆம் தேதி மறைந்தார். அவர் நினைவாக அமைந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காரைப்பேட்டையில் இருக்கிறது. வெளியூர்களிலிருந்து பஸ் ஏறி அங்கே வருகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் நாம்தான் பயத்தால் தள்ளிப்போடுகிறோம். அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைப்பதற்காகவே, இந்த மூன்று கேள்விகளுக்கும் ஆராய்ச்சி சொல்லும் பதிலை இங்கே எழுதுகிறோம்.

எப்படி வருகிறது?

தறி ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஜக்கார்டு பெட்டியில் ஏற்றும் அட்டையில் ஒரு துளை தவறிப்போனால், அட்டை சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பூ தவறும். நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அப்படி ஒரு அட்டை உண்டு. அதுதான் மரபணு. செல் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கிறது. அதில் சில இடங்கள் பழுதானால் செல் நிற்காமல் பெருகத் தொடங்கும். ஒரு பழுது போதாது. பல பழுதுகள் பல ஆண்டுகளில் சேர வேண்டும். அதனால்தான் இந்த நோய் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களுக்கு வருகிறது.

பழுதை உண்டாக்குவதில் முதலிடம் புகையிலைப் புகைக்குத்தான். 1950இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் மருத்துவமனை நோயாளிகளிடம் விசாரித்து, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். அது எப்படி நடக்கிறது என்பது பிறகு தெரிந்தது. புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற நச்சுப்பொருள், செல்லைக் காவல் காக்கும் பி53 என்ற மரபணுவில் போய் ஒட்டுகிறது. நோயாளிகளின் கட்டிகளில் அந்த மரபணு எந்த இடங்களில் பழுதாகியிருந்ததோ, அதே இடங்களில்தான் அது ஒட்டுகிறது என்பதை 1996இல் கண்டுபிடித்தார்கள். பீடியும் இதற்கு விதிவிலக்கல்ல. அத்தா வீட்டுக்குள் பீடி குடித்தால் அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள்ளும் போகிறது.

அப்படியானால் புகையே பிடிக்காத அம்மாவுக்கு எப்படி வந்தது? இந்தியாவில் இந்த நோய் வருபவர்களில் கணிசமானோர் புகை பிடிக்காதவர்கள்தான். இதற்கு ஒரு முக்கியமான விளக்கம் 2023இல் வெளியானது. லண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிலையத்தின் சார்லஸ் ஸ்வான்டன் குழுவினர், புற்றுநோய் இல்லாத நுரையீரல் சதைத் துணுக்குகள் 295ஐச் சோதித்தார்கள். அவற்றில் 18 சதவீதத்தில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவின் புற்றுநோய்ப் பழுது ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்தச் செல்கள் தூங்கிக்கொண்டிருந்தன. காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசு உள்ளே போகும்போது, அதை விழுங்க வரும் பாதுகாப்புச் செல்கள் ஒரு வீக்கப் பொருளைச் சுரக்கின்றன. அந்த வீக்கம் தூங்கும் செல்லை எழுப்பிவிடுகிறது. எலிகளில் அந்தப் பொருளைத் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன.

விறகடுப்பு, குப்பை எரிப்பு, கொசுவர்த்தி, கதவை மூடிவிட்டுப் போடும் சாம்பிராணி எல்லாமே நுண்தூசைக் கிளப்புபவைதான். சாம்பிராணி போட்டதும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். விறகடுப்பை முற்றத்துக்கு மாற்றுங்கள். நோய் வந்த பெண்ணைப் பார்த்து "என்ன பழக்கமோ" என்று பேசுவதை நிறுத்துங்கள். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

டெஸ்ட் எதற்கு?

முதலில் ஒரு எச்சரிக்கை. இருமல், சளியில் ரத்தம், எடை குறைதல் ஆகியவை காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் பொது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருப்பதால், முதல் சந்தேகம் காசநோய் மேல் போவது இயல்பு. ஆனால் சளியில் கிருமி உறுதியானதா என்று கேளுங்கள். காசநோய் மருந்து சாப்பிட்டும் சில வாரங்களில் தேறவில்லை என்றால், மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் திரும்பப் போய், "வேறு ஏதாவது இருக்குமா?" என்று கேளுங்கள். புற்றுநோயைக் காசநோய் என்று நினைத்து மாதங்களைக் கழிப்பது பெரிய இழப்பு.

சந்தேகம் வந்தால் பயாப்ஸி செய்வார்கள். ஊசி போட்டுச் சிறு சதை எடுப்பது. "ஊசி பட்டால் பரவிவிடும்" என்று பலர் மறுக்கிறார்கள். அப்படி நடப்பது மிக மிக அரிது. சதை எடுக்காவிட்டால் எந்த வகைப் புற்றுநோய் என்பதே தெரியாது. சிறுசெல் வகை, சிறுசெல் அல்லாத வகை என்று இரண்டு பெரும்பிரிவுகள். 100 பேரில் சுமார் 85 பேருக்கு இரண்டாவது வகை. அந்த இரண்டாவது வகையில்தான் மேலும் சில டெஸ்டுகள் எழுதுகிறார்கள்.

அவற்றில் முதன்மையானது மேலே சொன்ன இ.ஜி.எஃப்.ஆர். இது செல்லின் மேல் இருக்கும் ஒரு சுவிட்ச் மாதிரி. பழுதானால் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அதை அணைக்க ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைகள் உண்டு. இந்திய மருத்துவ ஆய்வுகளில் இந்த நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தப் பழுது இருப்பது தெரிந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: ரத்த ரிப்போர்ட்டில் சிறுநீரகத்துக்காகவும் இதே எழுத்துகள் வரும். அது வேறு, இது வேறு.

டெஸ்ட் செய்யாமலே அந்த மாத்திரையைத் தந்தால் என்ன? 2009இல் வெளியான ஆசிய ஆய்வு ஒன்றில் 1,217 பேர் கலந்துகொண்டார்கள். பழுது இருந்தவர்களுக்குக் கீமோவைவிட மாத்திரை நன்றாக வேலை செய்தது. பழுது இல்லாதவர்களுக்கோ, கீமோ பெற்றவர்களைவிட மாத்திரை பெற்றவர்களுக்கு நோய் சீக்கிரம் வளர்ந்தது. ஒரே மாத்திரை, ஒருவருக்கு நன்மை, இன்னொருவருக்கு நஷ்டம். டெஸ்ட் எழுதுவதன் காரணம் இதுதான்.

நம் நாட்டிலும் இதில் பெரிய வேலை நடந்திருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இந்தப் பழுது உள்ள 350 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் நோய் மறுபடி வளரும்வரை இடைநிலைக் காலம் 8 மாதம். மாத்திரையுடன் கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 16 மாதம். பக்கவிளைவுகளும் அதிகம்தான், மறைக்கவில்லை. ஜெஃபிடினிப் இந்தியாவிலேயே தயாராவதால், புதிய வெளிநாட்டு மருந்துகளைவிட விலை பல மடங்கு குறைவு.

ஏ.எல்.கே. என்பது இன்னொரு பழுது. 2007இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். 100இல் சுமார் 5 பேருக்கு இருக்கும். அவர்களுக்கும் தனி மாத்திரைகள் உண்டு. பி.டி.-எல்1 என்ற டெஸ்ட், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி பலன் தருமா என்று பார்ப்பதற்கு.

இன்னும் எவ்வளவு நாள்?

ஆயுளை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. மருத்துவர் சொல்வது ஒரு கூட்டத்தின் கணக்கு. "இடைநிலை 16 மாதம்" என்றால் பாதிப் பேருக்கு அதற்கு முன்பே நோய் வளர்ந்தது, மீதிப் பாதிக்கு அதற்குப் பிறகுதான் வளர்ந்தது அல்லது வளரவே இல்லை என்று பொருள். உங்கள் அத்தா எந்தப் பாதியில் இருக்கிறார் என்று அந்த எண் சொல்லாது.

எனினும் போக்கைக் காட்டும் குறிகள் உண்டு. முதல் குறி, நோயின் நிலை. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, நுரையீரலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் 10 பேரில் ஏறத்தாழ 6 பேர் 5 ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் 10இல் ஒருவர் அளவுக்குக் குறைகிறது. இரண்டாவது குறி, நோயாளியின் தெம்பு. தானே எழுந்து குளிக்கிறாரா, நடக்கிறாரா, எடை குறைகிறதா என்று மருத்துவர் கேட்பது சும்மா இல்லை. சிகிச்சையைத் தாங்குவாரா என்பதை அதிலிருந்துதான் முடிவு செய்கிறார். ஆகவே வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்து, மெல்ல நடக்க வைப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததே.

மூன்றாவது குறி, மேலே பார்த்த மரபணுப் பழுதுகள். "நாலாவது ஸ்டேஜ், முடிந்தது" என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுபவர்கள் இதைக் கேளுங்கள். ஏ.எல்.கே. பழுதுடன் நோய் முற்றியவர்களுக்கு லார்லாடினிப் என்ற மாத்திரை கொடுத்த உலகளாவிய ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. 5 ஆண்டு கழித்தும் 60 சதவீதம் பேருக்கு நோய் வளரவில்லை. அந்த மருந்தின் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் பழுது இருக்கிறதா என்று பார்க்காமலே நம்பிக்கையைக் கைவிடுவது சரியல்ல.

நான்காவது குறி நோயாளியின் கையிலேயே இருக்கிறது. "நோய் வந்த பிறகு பீடியை விட்டு என்ன பயன்?" என்று கேட்பார்கள். மாஸ்கோவில், நோய் முற்றாத நிலையில் இருந்த 517 புகைப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2021இல் வெளியான அதன் முடிவுப்படி, நோய் தெரிந்த பிறகு புகையை விட்டவர்களின் இடைநிலை ஆயுள், விடாதவர்களைவிட ஏறத்தாழ 22 மாதம் அதிகம். நோய் வராதவர்களுக்கும் நற்செய்தி உண்டு. டால் தன் ஆய்வை 50 ஆண்டுகள் தொடர்ந்து, 2004இல் வெளியிட்ட கணக்கு இது: 60 வயதில் நிறுத்தினால் சுமார் 3 ஆண்டும், 40 வயதில் நிறுத்தினால் சுமார் 9 ஆண்டும் ஆயுள் மிச்சம்.

நாம் செய்ய வேண்டியவை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் ஒரு முறை ரத்தம் வந்தாலோ தாமதிக்காதீர்கள். பயந்து மறைக்கும் பெண்களை வீட்டார் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த வகை? எந்த நிலை? மரபணு டெஸ்ட் தேவையா? எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே பைலில் வையுங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள். குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். எந்த டெஸ்டுக்கும் மருந்துக்கும் காப்பீடு உண்டு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள்.

சிகிச்சையில் இருப்பவர்கள் நோன்பு நோற்கலாமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைப் பயன்படுத்துவதில் குறை எதுவும் இல்லை.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஷிஃபா தருபவன் அல்லாஹ். நேரத்தோடு மருத்துவரிடம் போவதும், டெஸ்டைச் செய்துகொள்வதும், பீடியைக் கீழே போடுவதும் நம் பொறுப்பு. நோயால் வாடும் அனைவருக்காகவும் துஆ செய்வோம்.

வஸ்ஸலாம்.