டிரம்மர் மண்: இல்லினாய்ப் புல்வெளியின் கரிய நிலம்

இம்மண்தூணின் உச்சியில் காணும் கருமை, பல்லாயிரம் ஆண்டுகளாக ஆளுயரப் புற்கள் தழைத்து, வாடி, வேரோடு மக்கி மண்ணில் கலந்ததன் விளைவாகும். பனியாறுகள் அரைத்துப் பொடித்த நுண்துகள்களை ஆற்றுச் சமவெளிகளிலிருந்து வாரிக்கொணர்ந்த காற்று, பனி விட்டுச்சென்ற படிவங்களின்மேல் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் கனத்துக்கு அவற்றைப் பரப்பிற்று. லோயஸ் எனப்படும் அத்தூசிப் போர்வையிலேதான் இம்மண் பிறப்பெடுத்தது.

நிலம் ஏறக்குறையத் தட்டையாதலின், மழைநீர் வடிய வழியின்றித் தேங்கி நிற்க, பிராணவாயு புகாத அடிமண்ணிலே இரும்பு தன் செந்நிறத்தை இழந்து கரைந்தகன்றது. கீழே தெரியும் சாம்பல் நிறத்தையும், அதனூடே துருவெனச் சிதறிய பொட்டுகளையும் சற்று நின்று நோக்குங்கள்: நீர்மட்டம் ஏறியிறங்கிய சரித்திரத்தை எந்த ஏட்டையும்விடத் தெளிவாக உரைப்பவை அவையே.

சதுப்பென்று ஒதுக்கப்பட்ட இந்நிலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் சுட்ட மண்குழாய்களைப் புதைத்து நீரை வடித்த பின்னரே மக்காச்சோளமும், பிற்காலத்தில் சோயாவும் செழித்தன. அம்மண்ணை ஆக்கிய புல்வெளியோ, வருந்தத்தக்க வகையில், பெரும்பாலும் மறைந்தொழிந்தது. ஃபோர்டு கவுண்டியின் ஓடையொன்றின் பெயரைத் தாங்கி, 15 லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்துள்ள இம்மண்ணை 2001-இல் இல்லினாய் தன் மாநில மண்ணாக ஏற்றது.