இருவருக்கென ஒரு பொழுது

தவக்காலம் முடிந்து உயிர்ப்புப் பெருவிழா வந்துவிட்டால் நம் ஆலயங்களில் மணவோலைகள் தொடர்ந்து வாசிக்கப்படுகின்றன. ஓலை வாசிக்கப்படும் அந்த மூன்று ஞாயிறுகளுக்கு வெகு முன்னரே வீட்டில் வேலைகள் தொடங்கிவிடும். மண்டபம் எது, விருந்துக்குப் பிரியாணியா சாம்பாரா, தாலிக்கொடி எத்தனை சவரன், புகைப்படக்காரர் எத்தனை பேர் என்று ஓராண்டுக் காலம் திட்டமிடும் குடும்பங்களை நாம் அறிவோம். ஆனால் மணநாள் கழிந்த பின்னர், அந்த இருவரும் எந்தக் கிழமையில், எந்த வேளையில், வேறெவரும் உடனின்றிச் சேர்ந்திருப்பர் என்று கேட்பார் எவருமில்லை. திருமண முன்தயாரிப்பு வகுப்பிலே செபத்தைப் பற்றிப் பேசுகிறோம். சேமிப்பைப் பற்றிப் பேசுகிறோம். மக்கட்பேறு, மாமியார் மருமகள் உறவு என யாவும் பேசப்படுகின்றன. கணவனும் மனைவியும் கடற்கரை மணலில் அமர்ந்து சுண்டல் தின்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதுவும் ஒரு பொருளா என்று சிலர் நகைக்கக்கூடும். இதுவே முதற்பொருள் என்பது என் கருத்து.

சென்னையின் தென்புறத்துப் பங்குகளில் இன்று மணம் முடிக்கும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். கணவன் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ தொழிற்சாலை ஊழியன். மனைவி மருத்துவமனையில் செவிலி, அல்லது பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரிபவள். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். வேலை 48 மணி. போக வர நாளொன்றுக்கு மூன்று மணி எனக் கொண்டால் ஆறு நாளைக்கு 18. உறக்கம் ஏழு ஏழாக 49. சமையல், துணி துவைத்தல், குளியல், உணவு, கடை கண்ணி ஆகியவற்றிற்கு நாளொன்றுக்கு நான்கு மணி வைத்தால் 28. ஆக 143 மணி நேரம் போக, 25 எஞ்சுகிறது. பரவாயில்லையே எனத் தோன்றும். ஆனால் இந்த 25 கணவனுடையது. மனைவியின் 25 வேறு. அவன் பிற்பகல் இரண்டு மணி ஷிப்டு முடித்து வீடு வந்து சேரும்போது இரவு பதினொன்றரை. காலை ஏழு மணிக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவள் அப்போது அயர்ந்து உறங்குகிறாள். இரு கணக்குகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், இருவரும் விழித்தவண்ணம் ஓரிடத்திலிருக்கும் நேரம் வாரத்தில் ஐந்தோ ஆறோ மணிதான். அதுவும் ஞாயிற்றுக்கிழமையிலே விழும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் எத்தனை உரிமைக்காரர்கள்!

இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில், ஐந்தாம் வசனமாக, ஒரு சிறிய சட்டம் இருக்கிறது. திருமணத் திருப்பலிகளில் இதை எடுத்துரைப்பார் அரிது. புதிதாக மணம் புரிந்தவனைப் போருக்கு அனுப்பலாகாது; வேறு எந்தப் பொதுச் சுமையையும் அவன்மேல் சுமத்தலாகாது; ஓராண்டுக் காலம் அவன் தன் இல்லத்திலிருந்து, தான் மணந்த பெண்ணை மகிழ்விக்கட்டும் என்பது அதன் பொருள். இச்சட்டம் மணமகனுக்கு மட்டும் இடப்பட்டதன்று. அவனை அழைக்கக்கூடிய படைத்தலைவனுக்கும், வேலை வாங்கக்கூடிய ஊருக்கும் இடப்பட்டது. எதிரி எல்லையில் நின்றாலும் அந்த ஒருவனைக் கூப்பிடாதே என்கிறது. காரணமாகச் சொல்லப்படுவது யாது? மக்கட்பேறன்று, நிலபுலமன்று. மனைவியை மகிழ்விப்பது, அவ்வளவே. தோபித்து நூலிலும் பாருங்கள். சாராவின் தந்தை இரகுவேல், மருமகனை உடனே ஊருக்கு அனுப்பிவிடாமல் பதினான்கு நாள் திருமண விருந்து நடத்துகிறார். பணம் வாங்கிவர வேண்டிய வெளியூர் வேலை ஒன்று தோபியாவுக்கு இருந்தது. அந்த வேலையை வேறொருவர் பார்த்துக்கொண்டார்!

நம் மூதாதையரும் இதனை அறியாதவரல்லர். மறுவீடு என்றும், மாப்பிள்ளை விருந்து என்றும், முதல் திருநாளுக்குப் பெண் வீட்டார் அழைப்பதென்றும் வைத்த வழக்கங்களெல்லாம் புதுமணத் தம்பதியருக்கு வேலையிலிருந்து விடுதலை தந்த வழக்கங்களே. கழனி வேலை காத்திருக்கும்; மாட்டைத் தம்பி பார்த்துக்கொள்வான். இன்றோ தொழிற்சாலை காத்திராது. விருந்து மட்டும் மிஞ்சிவிட்டது, விடுதலை போய்விட்டது. வாரத்தில் ஒரே நாள் ஓய்வுள்ள ஒரு பெண், பன்னிரண்டு ஞாயிறுகள் தொடர்ந்து பட்டுப் புடைவை உடுத்திப் பன்னிரண்டு உறவினர் வீடுகளில் உண்டு திரும்பினாள் என்றால், அதனை விருந்து என்பதா, மற்றுமொரு ஷிப்டு என்பதா?

அடையாளம் தெரியாவண்ணம் ஒரு தம்பதியரைப் பற்றிக் கூறுகிறேன். மணமான மூன்றாம் ஆண்டில், பிரிந்து போக எண்ணியவர்களாய் என்னிடம் வந்தனர். குடியில்லை, அடியில்லை, பிறர்மேல் நாட்டமுமில்லை. மணம் முடித்த ஆறாம் மாதத்திலேயே அடுக்குமாடியில் இரண்டு அறை கொண்ட வீடொன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டனர். தவணைக்காக அவன் ஞாயிறுதோறும் மிகைநேர வேலைக்குப் போனான். அவள் அலுவலகம் விட்டு வந்து மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். வீடு கிடைத்தது. பால் காய்ச்சிக் குடிபுகுந்த பின் ஒருவரோடொருவர் பேச ஒன்றுமில்லை. பேச்சுவாக்கில், வெளியே போனால் உங்கள் மனைவி விரும்பி உண்பது எது என்று அவனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்டேன். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவன் அவன் என்பதை அவள் அறிந்திருக்கவில்லை. "ஒண்ணா வெளிய போனது எங்கன்னு கேட்டீங்கன்னா, பேங்குக்குத்தான் ஃபாதர்," என்றாள் அப்பெண். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்கு அதுவே அச்சமூட்டியது.

அவர்கள் கெட்டவர்களா? கடுமையாய் உழைத்த நல்லவர்கள். கடன் தவணைக்கு மாதந்தோறும் தேதி குறித்திருந்தார்கள். தங்களுக்கென்று தேதி குறிக்கவில்லை. வேலை முடிந்து, கடன் முடிந்து, உறவினர் கடமை முடிந்து எஞ்சும் நேரத்தில் மகிழ்ந்திருப்போம் என்பவர்க்கு எஞ்சுவது ஏதுமில்லை. ஆகவே தவணையைப் போலவே இதையும் நாட்காட்டியில் முதலிலேயே குறித்துவிட வேண்டும் என்கிறேன்.

நேரம் இல்லாத இடத்தில் சண்டைகூடச் சரியாக நடப்பதில்லை. வள்ளுவப் பெருந்தகை தம் நூலை எங்கே கொண்டுபோய் முடிக்கிறார் என்பதை நோக்குங்கள். காமத்துப்பாலின் இருபத்தைந்து அதிகாரங்களில் கடைசி மூன்றும் ஊடலைப் பற்றியவை. புலவி, புலவி நுணுக்கம், இறுதியாக ஊடலுவகை. அறமும் அரசியலும் உரைத்த நூல், காதலர் பொய்க்கோபம் கொண்டு பின் இணையும் இன்பத்தில் வந்து நிறைவு பெறுகிறது. (நம் வீரமாமுனிவர் 1730இல் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது காமத்துப்பாலை விட்டுவிட்டார். துறவியாகிய அவர் விட்டதில் வியப்பில்லை, இல்லறத்தார் விடலாகாது.) ஊடுவதற்கு ஓய்வு வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும், அதை மற்றவர் கவனிக்கவும், கெஞ்சவும், சிரிப்பு வந்துவிடவும் குறைந்தது ஒரு மாலைப்பொழுது தேவை. ஷிப்டுக்குக் கிளம்பும் ஐந்து நிமிடத்தில் ஊடலுக்கு இடமேது? சொல் தடித்து, கதவு அறையப்பட்டு, அது அப்படியே நின்றுவிடுகிறது.

இனி, நேரத்தைத் தேடிக் கண்டுபிடித்த ஒரு தம்பதியரைச் சொல்கிறேன். அவள் செவிலி. வாரத்தில் மூன்று இரவு பணி. அவனுக்கோ மாறிமாறி வரும் ஷிப்டு. ஞாயிறு அவர்களுக்கு வாய்ப்பதே அரிது. வியாழன் காலை எட்டு மணிக்கு அவளது இரவுப் பணி முடியும் என்பதையும், பிற்பகல் ஷிப்டு உள்ள வாரங்களில் அவனுக்கு நண்பகல் வரை வேலையில்லை என்பதையும் கண்டுகொண்டனர். அந்த வியாழன்களில் அவன் மருத்துவமனை வாயிலில் போய் நிற்பான். அருகிலுள்ள சிற்றுண்டிச் சாலையில் இருவரும் இட்லியும் வடகறியும் உண்பர். பிறகு மின்சார இரயிலில் கூட்டத்திற்கு எதிர்த்திசையில் ஏறி, எங்கேனும் இறங்கி நடந்துவிட்டுத் திரும்புவர். சில நாள் அவள் அவன் தோளில் சாய்ந்து தாம்பரம் வரை உறங்கியே விடுவாளாம். அதுவும் சேர்ந்திருப்பதே என்கிறான் அவன். பார்த்துக்கொள்ள இயலாத நாள்களில், தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் இரண்டு வரி எழுதி அரிசி டப்பாவின்மேல் வைப்பது அவர்கள் வழக்கம். "ரசம் அருமை. உப்பு மட்டும் உன் அம்மாவிடம் கேட்டுக்கொள்" என்று ஒரு தாள். அதற்கு மறுநாள் பதில்: "இன்று சமையல் உன் முறை. உப்பு உன் அம்மாவிடம் கேள்." இந்தத் தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கின்றனர்.

அவர்கள் அறியாமலே செய்ததை அறிந்து செய்த இயக்கங்கள் நம் திருச்சபையில் உண்டு. இசுபானியக் குரு கபிரியேல் கால்வோ 1962இல் பார்சலோனாவில் தொடங்கி வைத்த வார இறுதிச் சந்திப்புகளிலிருந்து வளர்ந்தது மேரேஜ் என்கவுண்டர் இயக்கம். தம்பதியர் பத்து நிமிடம் தனித்தனியே தம் உள்ளத்தை எழுதி, ஏடுகளை மாற்றிப் படித்து, பின்னர்ப் பத்து நிமிடம் பேசும் முறையை அது பழக்குகிறது. அதற்கும் முன்னர், பிரான்சு நாட்டில் குரு ஹென்றி காஃபரேல், மாதம் ஒருமுறை கணவனும் மனைவியும் அமர்ந்து பேசுவதைத் தம்பதியரின் கடமைகளுள் ஒன்றாக்கினார். கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் கூறிய உவமையே அதற்கு அடிப்படை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் ஊக்கவுரையிலும், ஒரே அறையிலிருந்தும் ஒருவரையொருவர் கவனியாத நிலையைச் சுட்டி, அன்புக்கு நேரமும் இடமும் தேவை என்பதை வற்புறுத்தினார்.

இவையெல்லாம் சிறந்தவை. ஆயினும் புதுமணத் தம்பதியர்க்கு நான் முதலில் சொல்வது உட்கார்ந்து பேசுவதையன்று, எழுந்து போவதை! எதிரெதிரே அமர்ந்து "பேசுவோம்" என்று தொடங்கினால், பழகாத இருவருக்கிடையே அது பெரும்பாலும் கணக்குக் கேட்கும் கூட்டமாய் முடிகிறது. இருவரும் ஒரே திசை நோக்கி நடக்கையில், கண்ணுக்குக் கண் பாராமல், சொல்லத் தயங்கியவை தாமாக வெளிவரும். வாரம் ஒருமுறை விளையாட்டாக வெளியே போகிறவர்களுக்கு மாதம் ஒருமுறை அமர்ந்து பேசுவது எளிதாகிவிடும்.

பெருஞ்செலவு வேண்டியதில்லை. வணிக வளாகத்தில் திரைப்படமும் உணவும் என்றால் இருவருக்கும் ஆயிரம் ரூபாய்க்குமேல் கரைந்து, திரும்பும் வழியில் அதுவே சச்சரவாகிறது. சென்னைவாசிகளுக்கு எலியட்ஸ் கடற்கரை இருக்கிறது. பரங்கிமலைப் படியேறினால், 1523இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயத்தின் முன்னிருந்து விமானங்கள் இறங்குவதை எண்ணிக்கொண்டு ஒரு மாலையைக் கழிக்கலாம். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளியன்றும் வண்டலூர் உயிரியல் பூங்கா செவ்வாயன்றும் மூடியிருக்கும் என்பதை வார நாள் ஓய்வுள்ளோர் நினைவிற்கொள்க. நவம்பர் முதல் மார்ச்சு வரை வேடந்தாங்கலில் பறவைகள் உண்டு. ஒரு மாதம் அவள் இடத்தைத் தெரிவு செய்யட்டும், மறுமாதம் அவன். சலித்தாலும் முகம் சுளியாமல் உடன் போவதென்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கிரிக்கெட் விளங்காத பெண் ஆட்டம் பார்க்கப் போவதிலும், புடைவைக் கண்காட்சியில் ஆண்மகன் இரண்டு மணி நேரம் நிற்பதிலும் வேடிக்கை உண்டு. மாதச் சாமான் வாங்கப் போவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கைப்பேசியோ, அவசரத்திற்கு ஒன்று போதும். அதுவும் மனைவியின் பைக்குள் கிடக்கட்டும்.

பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். "தெனமும் ஊர் சுத்துனா குடும்பம் வெளங்குமா சாமி?" என்று ஒரு தாய் மருமகளைக் காட்டி என்னிடம் முறையிட்டார். தினமும் அன்று, வாரத்தில் மூன்று மணி நேரம். அத்தாயின் கவலையை நான் எளிதாய்த் தள்ளிவிடவில்லை. மகன் கையைவிட்டுப் போகிறான் என்னும் வலி அதில் இருந்தது. மகனோடு அவரும் ஒருநாள் தனியே போய் வர ஏற்பாடு செய்யச் சொன்னேன். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை தாயும் மகனும் பூ அங்காடிக்குப் போய் வருகின்றனர். முறையீடு நின்றுவிட்டது.

பங்கு மக்களிடமும் ஒன்று உண்டு. மணமாகி வந்த இளைஞனைக் கண்டவுடன் திருவிழாக் குழுவில் பெயர் எழுதிவிடுகிறோம். அவன் மனைவியைப் பாடற்குழுவிலும் மறைக்கல்வி வகுப்பிலும் சேர்த்துவிடுகிறோம். ஆர்வமுள்ளவர்கள், மறுக்கத் தெரியாதவர்கள். எங்கள் பங்கில் ஈராண்டாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மணமான நாளிலிருந்து ஓராண்டுக்கு எந்தப் பொறுப்பும் அவர்களுக்குத் தரப்படுவதில்லை. அன்பியக் கூட்டத்திற்கு வந்தால் மகிழ்ச்சி, வராவிடில் கேள்வியில்லை. சென்ற திருவிழாவில் நாற்காலி போட ஆள் போதவில்லை என்று குழுச் செயலர் சற்றுச் சலித்துக்கொண்டார். ஐம்பது வயதைத் தாண்டிய நாங்கள் சிலர் சேர்ந்து போட்டு முடித்தோம்.